அந்தத் தடம் இருக்கட்டும்

பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத்தாருக்கு,

வணக்கம். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் கோட்டு நடுவர்களை, அந்த வேலைக்குக் கணினிக் கருவியை வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஆஸ்திரேலிய ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் அவர்களை எப்போதோ அனுப்பிவிட்டன. 2025-இல் விம்பிள்டனும் அனுப்பியது. கிராண்ட் ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் மிச்சம் உங்கள் ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓப்பன்) மட்டும்தான்.

உங்களுடையது களிமண் ஆடுகளம் என்று பெயர்தானே தவிர, மேலே கிடப்பது செங்கல் பொடி, அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்கு. பந்து விழுந்தால் தடம் பதிகிறது. சந்தேகம் வந்தால் உயர நாற்காலியில் இருக்கும் அம்பயர் இறங்கி வந்து குனிந்து பார்க்கிறார். புல்லுக்கும் சிமெண்டுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

தடத்தாலும் வம்பு வந்ததுண்டு, மறுக்கவில்லை. 1999 மகளிர் இறுதி. ஒரு செட்டை வென்று, அடுத்ததில் 2-0 என முன்னிலையில் இருந்த ஹிங்கிஸ், தன் பந்து கோட்டில்தான் பட்டது என்று வலையைச் சுற்றி ஸ்டெஃபி கிராஃபின் பக்கமே போய்த் தடத்தைக் காட்டினார். தண்டனையாக ஒரு புள்ளி போயிற்று. அரங்கமே கூச்சலிட்டது. கோப்பை கிராஃபுக்கு. ஹிங்கிஸுக்கு அந்த ஒற்றையர் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆனால் 1982 ஆண்கள் அரையிறுதியையும் நினைத்துப் பாருங்கள். விலாண்டர் வெல்ல ஒரே புள்ளி பாக்கி இருந்த மேட்ச் பாயிண்டில், எதிராளி கிளெர்க் அடித்த பந்து வெளியே என்றார்கள், ஆட்டம் முடிந்தது. பதினேழு வயது விலாண்டர், 'இல்லை, பந்து உள்ளேதான்' என்று சொல்லி அந்தப் புள்ளியை மறுபடி ஆட வைத்தார். அதன்பிறகே வென்று, இறுதியில் வில்லாஸைத் தோற்கடித்தார். 4 மணி 42 நிமிடம் நீண்ட அந்த இறுதிதான், 2025-இல் அல்கராஸும் சின்னரும் 5 மணி 29 நிமிடம் ஆடும்வரை, உங்கள் மைதானத்தின் மிக நீண்ட இறுதி. கருவி இருந்திருந்தால் பந்து உள்ளே என்று அதுவே சொல்லியிருக்கும். அந்தப் பையன் வாய் திறக்க வேண்டியே இருந்திருக்காது.

கருவி வந்தால் தகராறு தீரும் என்பதும் மாயை. கருவி வைத்து நடந்த 2025 மாட்ரிட் களிமண் போட்டியில், கருவியின் முடிவை ஏற்காத ஸ்வெரெவ் தன் கைபேசியை எடுத்துத் தடத்தைப் படம்பிடித்து எச்சரிக்கை வாங்கினார். கருவி ஒன்று சொல்ல, மண் வேறொன்று காட்டினால் ஆட்டக்காரர் எதை நம்புவார்?

மனித நடுவர் தவறுவார், சரி. பயிற்சியைக் கூட்டுங்கள். ஆளை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி முன்னால் விடிய விடியக் குந்தியிருக்கும் ஒரு ரசிகன்