பதிவேட்டின் ஓரம்

செக்கானூரணி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. பெங்களூரு நிறுவனத்தை விட்டுவிட்டு, அரசு மருத்துவ நிலையங்களுக்கான செயலிகளை வடிவமைக்கும் குழுவில் சேரச் சென்னைக்கு வந்துவிட்டாய் என்று தெரிந்ததும் உன் அப்பா முதலில் சம்பளத்தைத்தான் கேட்டார். நான் அதைக் கேட்கவில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், நீ வரையப்போகும் திரைகளுக்கு முன்னால் உட்காரப்போகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. தொலைபேசியில் பேச்சு பாதியில் வேறு பக்கம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

இதுவரை நீ செய்த உணவுச் செயலியில் பொத்தானை அழுத்துகிறவரே சாப்பிடுகிறவர். இங்கே அப்படியில்லை. அழுத்துகிறவர் செவிலியர், பயன்பெற வேண்டியவர் அவருக்கு எதிரே நிற்கும் கர்ப்பிணி, எண்ணிக்கை கேட்கிறவர் தலைமை அலுவலகத்தில் இருக்கும் மூன்றாமவர். நான் பயன்படுத்திய திரைகளில் பலவும் அந்த மூன்றாமவருக்காகவே வரையப்பட்டவை என்பது என் துணிபு. புதன்கிழமை தடுப்பூசி நாளன்று துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகள் வரிசையாக அழுதுகொண்டிருக்கும்போது, ஊசியைக் கையில் வைத்திருப்பவர் டேப்லெட் கணினியைத் தொட முடியாது. ஆகவே எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி, வீட்டுக்குப் போய் இரவில் மறுபடி ஏற்றுவார். இதைப் பார்த்துவிட்டுச் செவிலியர்களுக்குக் கணினி பிடிக்காது என்று கூட்டங்களில் யாராவது சொன்னால், நீ நம்பாதே.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்கும். நம் பக்கத்துப் பெண்ணுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. திருமணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, பின் கணவனுடையது, ஆதாரில் பழையது, வங்கிக் கணக்கில் புதியது. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கி வைத்தால், ஒரே பெண் இரண்டு பெண்களாகிவிடுவாள். அதோடு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம் என்பதால், உசிலம்பட்டியில் பதிவானவள் வளைகாப்பு முடிந்ததும் மேலூருக்குப் போய்விடுவாள். அவளுடைய கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் அங்கே இருக்கும் செவிலியரின் திரையில் உடனே திறக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாக வருவதே இந்தப் பதிவுகளை வைத்துத்தான். ஒரு கட்டம் தவறினால் பணம் நின்றுவிடும், அவள் வந்து கேட்பதோ திரையை வரைந்தவரிடம் அல்ல, எங்களிடம்.

கைபேசி விஷயமும் இருக்கிறது. ஆபா என்னும் 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணை உருவாக்க ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். அந்தக் கைபேசி திருப்பூரில் வேலை பார்க்கும் கணவனின் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு ஒரு கைபேசிதான் என்றால், காசநோய்ப் பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தியில் விரிவாக அனுப்புவது உதவியாகாது. மாமியாரும் கொழுந்தனும்தான் முதலில் படிப்பார்கள். செய்தியில் எதை எழுதக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதும் உன் வேலைதான் என்று நினைக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1990-களில் நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் வேலை பார்த்தபோது பெண் சிசுக்கொலை பற்றிய பேச்சு ஓயாமல் இருந்தது. அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் மறுபடி கர்ப்பம் என்றால், பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். அந்த வீட்டுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போக வேண்டும் என்பதற்கு எங்களுக்குள் அது அடையாளம். அதற்கென்று யாரும் ஒரு கட்டம் போட்டுத் தரவில்லை. போட்டுத் தந்திருந்தால் நாங்கள் அதில் உண்மையை எழுதியிருக்கவும் மாட்டோம். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருப்பவள், கணவன் குடித்துவிட்டு அடிப்பதால் மாலையில் போய்ப் பார்க்கக் கூடாதவள் என்று ஒவ்வொருவரிடமும் இப்படிக் குறிப்புகள் இருந்தன. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் கடுமையான இரத்தசோகை என்பதைத் திரையே சிவப்பில் காட்டிவிடும், அது நல்லதுதான். அவள் ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை என்பது ஓரத்தில்தான் இருந்தது. காகிதத்திலிருந்த கட்டங்கள் அத்தனையும் திரைக்கு வந்து சேர்ந்தன, மேலும் பல கூடின, ஓரம் மட்டும் வரவில்லை. எனக்குத் தெரிந்த செவிலியர்கள் இன்னும் தனி நோட்டு வைத்திருப்பது வெறும் பழக்கத்தால் அன்று.

அந்த இடத்தை உன் திரையில் வைத்துக்கொடு. மாறுதலாகி வரும் அடுத்த செவிலியர் அதைப் படிக்கட்டும்; அவருக்கு மேலே அது ஏறிப்போய் அறிக்கையாக மாறினால், மறுநாளே எல்லாரும் அதில் ஒன்றுமில்லை என்று நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். இதற்கு உன் குழுவில் எதிர்ப்பு வரும், ஏனென்றால் எண்ண முடியாததற்கு இடம் ஒதுக்க அலுவலகங்கள் விரும்புவதில்லை.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை தன் வடிவமைப்புக் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறது என்றும், 9 முதல் 11 வயதுப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எழுதச் சொல்கிறது என்றும் போன பொங்கலுக்குக் காட்டினாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. நம் திரைகளில் வரும் அரசாணைத் தமிழைப் பார்த்தால் அந்த விதி இங்கே இன்னும் அவசரமாகத் தேவை. "பயனாளியின் மகப்பேறுக்கு முந்தைய கவனிப்பு விவரம்" என்று எந்தச் செவிலியரும் பேசுவதில்லை. செக்கப்புக்கு வந்தாளா என்றுதான் கேட்போம்.

வரையத் தொடங்கும் முன் ஒரு புதன்கிழமையை ஒதுக்கிக்கொண்டு இங்கே வா. நான் இருந்த நிலையத்தில் இப்போது இருக்கும் செவிலியர் எனக்குப் பழக்கம். ஒன்றும் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும், அவர் எங்கே நோட்டை எடுக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள். ஆனால் பழக்கத்தை நம்பி நேராக வந்துவிடாதே. வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்க உன் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும், அது கிடைக்க நாளாகும், சேர்ந்த வாரத்திலேயே கேட்டுவை.

அன்புடன்,
அம்மா