காட்டில் பாடம் நடத்த முதலில் யாருக்குப் பயிற்சி?

அன்புள்ள இதழாசிரியர் அவர்களுக்கு,

மாணவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனாலே இயற்கை பாடம் நடத்திவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. நடத்தாது. ஆசிரியர்களுக்கான பயிற்சியோ மரங்களின் பெயர்களை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறது. பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை. எங்கே நிறுத்தி எதைக் கேட்பது என்பது தெரியவேண்டும்.

நான்கு குச்சி, நாலரை மீட்டர் கயிறு போதும். மரநிழலில் மாணவர்கள் ஒரு மீட்டர் சதுரம் கட்டிச் சருகை அடுக்கடுக்காக விலக்கட்டும். மேலே முழு இலை, அதன்கீழ் நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடை இலை, பிறகு வெள்ளைப் பூஞ்சை இழை, அடியில் கருமண். மட்குதல் பாடம் முழுவதும் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடக்கிறது! வெட்டவெளியில் இன்னொரு சதுரம் கட்டினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கையால் துழாவக்கூடாது, தேள் இருக்கலாம். கல்லைப் புரட்டினால் எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் நெம்பித் தன் பக்கமாகச் சாய்க்கவேண்டும். உள்ளே இருப்பது எதிர்த்திசையில் ஓடும், கல்லே கேடயமாகும். பார்த்தபின் பழையபடி வைக்காவிட்டால் அடியிலுள்ள ஈரம் காய்ந்து, அங்கே வாழும் பூச்சிகள் செத்துப்போகும்.

வகுப்பு கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். நாற்பது பேரை ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடத்தினால் கடைசிப் பையனுக்கு ஒன்றும் கேட்காது. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். சூரியனை நோக்கி நிற்கவேண்டியவர் ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கண் கூசினால் கவனம் போய்விடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ கூரையுள்ள மூடிய வண்டிக்கோ திரும்பவேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து.

இப்படிக்கு,
வெளிவகுப்புப் பயிற்றுநர்கள்