ஆதார் எண் வாட்ஸ்அப்பில், சேர்க்கைப் பதிவேடு கரையான் வாயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் என் தங்கை பேத்திக்குப் போன மாதம் ஒரு போன் வந்தது. உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லு என்றவன், அவளுடைய பதிவு எண், அப்பா பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் தானே ஒப்பித்திருக்கிறான். பிள்ளை உஷாராகப் போனை வைத்துவிட்டாள். விசாரித்தால், சில நாள் முன்புதான் உதவித்தொகைப் பட்டியலை யாரோ செல்போனில் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பெயர், சாதி, ஆதார், கணக்கு எண், பெற்றோரின் வருமானம், எல்லாம் ஒரே தாளில். அங்கிருந்துதான் அவன் கைக்குப் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் போகாமல் தடுக்க அங்கே எதுவுமே இல்லை.

பணம் போகவில்லை, ஆனால் வீட்டு விவரம் வகுப்புக்கே தெரிந்துபோனது. அப்பா கூலி வேலைக்குப் போகிறார் என்று தோழியிடம் அவளே சொல்வது வேறு, வகுப்பே பட்டியலில் படித்துத் தெரிந்துகொள்வது வேறு.

நானும் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். உதவித்தொகை, பஸ் பாஸ், டி.சி. எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும் கஷ்டம் தெரியும். இருந்தாலும் பட்டியலில் பதிவு எண்ணை மட்டும் போட்டு, 'அலுவலகம் வந்து சரிபார்க்கவும்' என்று எழுதினால் வேலை முடிந்தது. கோப்பில் வைக்கும் நகலுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரே போதும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. முதலாண்டில் சேரும் எத்தனையோ பேருக்கு வயது 17தான்.

கண்டவர் கைக்கெல்லாம் போகிற விவரம், உரியவர் கேட்டால் மட்டும் கிடைப்பதில்லை. எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் 1994இல் பட்டம் முடித்தவர். பட்டச் சான்றிதழில் இனிஷியலைத் திருத்த அவருக்குச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் தேவைப்பட்டது. கூட நானும் போனேன். படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையிலிருந்து பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்ததும் பொலபொலவென்று மண் கொட்டியது. கரையான். பெயரும் பிறந்த தேதியும் இருந்த ஓரம் முழுக்கப் போய்விட்டது. பாடப் பிரிவும் சேர்ந்த தேதியும்தான் மிச்சம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, மூலத்தை இரும்பு பீரோவில் பூட்டி வைக்கவும், எந்தக் கோப்பை யார் எடுத்தார் என்று குறித்து வைக்கவும் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் தன் எல்லாக் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். காலம் கடந்த விண்ணப்பங்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாமல் கிழித்து அழிக்கச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.