ஆண்டறிக்கை: கல்லூரி ஆசிரியர் மன்றச் செயலரின் உரை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் மன்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுக்க நாம் விடாமல் பேசியது ஒரே விஷயம்தான். பல மாதங்கள் நீளும் போர்ட்ஃபோலியோ வேலை, அதாவது மாணவர் தம் எழுத்துகளைத் திருத்தித் தொகுத்துத் தரும் வேலை, அவர்களை வகுப்போடு பிணைத்து வைக்குமா? அறிக்கையின் மீதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

அசைன்மென்ட் கொடுக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், கதை முடிந்தது. நாம் திருத்தம் எழுதித் தந்த தாளை மாணவர் மறுபடி திறப்பதில்லை. திறக்க அவருக்குக் காரணமும் இல்லை. போர்ட்ஃபோலியோவில் அதே வேலை அவரிடமே திரும்பி வருகிறது. மாற்றி எழுதலாம், சேர்க்கலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். எது உள்ளே இருக்க வேண்டும் என்ற முடிவு அவர் கையில் வந்ததும் அக்கறையும் வருகிறது.

1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களான பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் செய்ததை முதல் கலந்துரையாடலில் எடுத்துக்கொண்டோம். எழுத்துத் திறன் தேர்வை நீக்கிவிட்டு, செமஸ்டர் முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதியவற்றைத் தொகுத்துத் தரச் சொன்னார்கள். அதைப் படித்துத் தேர்ச்சி முடிவு செய்தவர்கள் வேறு வகுப்பு ஆசிரியர்கள். அதனால் சொந்த ஆசிரியர் தீர்ப்புச் சொல்பவராக இல்லாமல் கூட நின்று உதவுபவரானார். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

மதிப்பெண் பற்றிய கவலையும் எழுந்தது, அது நியாயமானதே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலப் பள்ளிகளில் போர்ட்ஃபோலியோ முறையை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, ஒரே தொகுப்புக்கு இருவர் தந்த மதிப்பெண்கள் போதுமான அளவு ஒத்துப்போகவில்லை. ஆனால் கற்பிக்கும் முறை மாறியிருந்தது. மதிப்பிடும் அளவுகோலை முன்கூட்டியே பேசி முடிவு செய்தால் மதிப்பெண் ஒத்துப்போகாத குறையைக் குறைக்கலாம்.

நீண்ட வேலை சோர்வது நடுவில்தான். தொடக்கத்து உற்சாகம் போயிருக்கும், கடைசித் தேதியோ தொலைவில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு வரைவை நாம் படித்துப் பதில் சொல்லாவிட்டால் மாணவர் நழுவிவிடுவார். அப்புறம் கடைசி வாரத்தில் அவசரமாக ஒட்டிய தொகுப்புதான் வரும். இடைவரைவுக்கு மதிப்பெண் வேண்டாம், பதில் போதும். பெரிய வகுப்பில் எல்லாவற்றையும் படிக்க முடியாது, சரி. மாணவரே ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அதில் எங்கே திணறுகிறார் என்று எழுதித் தரட்டும். மீதியைச் சக மாணவர் படிக்கலாம்.

தொகுப்போடு மாணவர் தம் வேலையைப் பற்றி எழுதித் தரும் குறிப்புக்கும் இதே கவனம் வேண்டும். ‘என்ன கற்றாய்?’ என்று கேட்டால் நம்மை மகிழ்விக்கும் நான்கு வரி கிடைக்கும். ‘முதல் வரைவிலிருந்து எதை நீக்கினாய், ஏன்?’ என்று கேட்டால் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

வரும் ஆண்டில் இரண்டிரண்டு ஆசிரியர்களாக இணைந்து, ஒருவர் வகுப்பின் தொகுப்புகளை மற்றவர் படித்து மதிப்பிட வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. அளவுகோலை முடிவு செய்யும் கூட்டம் வகுப்புகள் தொடங்கும் முன்பே நடக்கும். சேர விரும்புவோர் இன்றே என்னிடம் பெயர் தரவும்.

செயலர்