றம்பொடை இறக்கத்தில் உதவிய லொறி அண்ணனுக்கு

போன சனி நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது றம்பொடைக்கிட்ட எங்கள் பழைய டொல்பின் வேனின் பிரேக் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஓரங்கட்டினோம், உள்ளே அம்மாவும் பிள்ளைகளும்.

அண்ணே, நாங்கள் கைகூடக் காட்டவில்லை. நீங்களாகவே லொறியை நிறுத்தி, முதல் வேலையாகச் சில்லுக்குக் கல் வைத்தீர்கள். பின் சில்லின் பிரேக் ட்ரம்மைக் கழற்றினால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி, ட்ரம்மை உரசிச் சில்லை நிறுத்தும் பிரேக் ஷூ முழுக்க பிரேக் ஒயில். துடைத்துப் போட்டால் போதாதா என்று கேட்டேன். ஒயில் குடித்த ஷூ பிடிக்காது தம்பி, இரண்டு பக்கமும் மாற்றத்தான் வேணும் என்று சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, அந்தத் தூறலிலேயே மாட்டி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, பெடல் கல்லு மாதிரி நிற்கும்வரை நீங்கள் விடவில்லை. அப்புறம் முன் சில்லையும் ஆட்டிப் பார்த்து, சில்லைத் தாங்கித் திரும்ப விடும் போல் ஜொயின்ட் ஆடுது என்றீர்கள். அதையும் நேற்று மாற்றிவிட்டேன்.

காசும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணே, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறார்.