மாநிலம் மாறும் மருத்துவப் பணியாளர்களின் உரிமம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக, அதாவது மருத்துவருடன் இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பவராக, பணியாற்றுவோர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது உரிமத்தையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அத்தகைய மாற்றம் கிடையாது, புதிய மாநிலத்தின் உரிம வாரியத்திடம் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். தகுதித் தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கையில் உரிமம் மட்டும் மாநில எல்லையோடு நின்றுவிடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. கல்விச் சான்றும், முன்பு பெற்ற உரிமங்களின் சரிபார்ப்பும் அந்தந்த அலுவலகங்களிலிருந்து வந்து சேரும்வரை, அனுபவமிக்க ஒருவர் நோயாளிகளைப் பார்க்க முடியாமல் காத்திருக்கிறார். மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஊர்களுக்கு இது பெரிய இழப்பு.

ஓர் உறுப்பு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணியாற்ற வழிசெய்யும் உரிம ஒப்பந்தம் ஒன்றை 2023-இல் யூட்டா, டெலவேர் ஆகிய மாநிலங்கள் முதலில் ஏற்றன; அது நடைமுறைக்கு வரத் தேவையான ஏழு மாநிலங்களின் ஒப்புதலை 2024-இல் பெற்றது. எனினும் உறுப்பு மாநிலங்களுக்கு மட்டுமே அது பயன்படும் என்பதால், எஞ்சிய மாநிலங்களின் சட்டமன்றங்களும் தாமதமின்றி இதில் இணைய வேண்டும். அதுவரை, இடம்பெயர எண்ணுவோர் பழைய உரிமத்தைக் காலாவதியாக விடாமல், வேலையை விடுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைப் பரிந்துரைப்பதற்கான டிஇஏ (அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை) பதிவையும் அப்போதே கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்