லேப் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை ஏலம் விடாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

காரிமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு சின்ன நிரல்மொழியின் ரன்டைமை, அதாவது அந்த மொழியில் எழுதிய ப்ரோகிராம்களை ஓட வைக்கும் அடிப்படை மென்பொருளை, பராமரிக்கிற குழுவில் இருக்கிறேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தம் நாலு பேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று ஒவ்வொரு இயங்குதளத்தோடும் நேரடியாகப் பேசும் அடிமட்டக் கோட் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஏன் கேட்கிறேன் என்பது விளங்கும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. ஜூன் மாதம், பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்கும் நேரம். அங்கே எடை மேடையில் சீட்டு அடிக்கும் ப்ரோகிராமை எங்கள் மொழியில்தான் என் அத்தை மகன் எழுதிக் கொடுத்திருந்தான். ரன்டைமின் புது வெர்ஷன் வெளியானதும் "அப்டேட் பண்ணிடு மச்சான்" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் விடிகாலையில் போன். "ப்ரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. வண்டி எல்லாம் மெயின் ரோடு வரைக்கும் நிக்குது, வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 7. விண்டோஸின் பொது ஃபங்ஷன்கள் இருக்கும் கெர்னல்32 டிஎல்எல் ஃபைலில் இன்ன ஃபங்ஷனைக் காணவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி, ஓர் ஓகே பட்டன். அவ்வளவுதான். அந்த வெர்ஷனில், இயங்குதளத்திடம் நேரம் கேட்கும் இடத்தில், விண்டோஸ் 8-இல் அறிமுகமான நுணுக்கமான ஃபங்ஷன் ஒன்றை நான் வைத்திருந்தேன். பழைய ஃபங்ஷன் சொல்லும் நேரம் சாதாரணமாகச் சுமார் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நகரும். புதியது ஒரு மைக்ரோசெகண்டுக்கும் கீழே போகும். (மாங்காய் எடை போட எதற்கு மைக்ரோசெகண்ட் என்று அத்தை மகன் கேட்டது நியாயமான கேள்வி.) அந்தப் பெயரை நேரடியாக இணைத்திருந்ததால், ப்ரோகிராமின் முதல் வரி ஓடும் முன்பே விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, இல்லையென்றதும் கதவைச் சாத்திவிட்டது. ஓடத் தொடங்கிய பிறகு "இது உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் புதியதை, இல்லாவிட்டால் பழையதை எடுத்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி வேலை. அன்று மதியம் வரை ஆலையில் கையால் சீட்டு எழுதினார்கள்.

அந்த ஃபங்ஷன் எந்த வெர்ஷனிலிருந்து கிடைக்கும் என்பது ஆவணத்திலேயே இருக்கிறது. படித்தேன். இப்போது யார் 7 வைத்திருக்கப் போகிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். எங்கள் நாலு பேரிடமும் அப்படி ஒரு மெஷின் இல்லை. தானாகச் சோதனை ஓட்டும் சர்வர்கள் எல்லாம் புத்தம் புதியவை. சோதனை முழுக்கப் பச்சை காட்டியது. என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் சிவப்பு.

சரி, இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் மாணவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் சிஸ்டம் கால் (ப்ரோகிராம் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) என்றால் என்ன என்று 2 மார்க்குக்கு எழுதுகிறார்கள். லேபில் ஃபோர்க் (ஓடும் ப்ரோகிராமை அப்படியே நகலெடுக்கும் சிஸ்டம் கால்) போட்டு, அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறார்கள். நானும் ஒட்டியவன்தான். விண்டோஸில் சாதாரண ப்ரோகிராம்களுக்கு ஃபோர்க் என்ற ஒன்றே கிடையாது என்பது, வேலைக்குப் போய் மூன்றாம் வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

ஓசூர்ப் பக்கத்துச் சந்தையில், ஒரே வியாபாரி தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கணக்கு முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரன்டைமின் அடிமட்டக் கோட் செய்வதும் அந்த வேலைதான். வியாபாரிக்காவது மூன்று மொழியிலும் கிலோ என்றால் கிலோ. எங்களுக்கு அளவே மாறும். லினக்ஸில், 64 பிட் இன்டெல் மெஷினில் 'எழுது' என்பதற்கு சிஸ்டம் கால் எண் 1. அதே லினக்ஸ் 64 பிட் ஆர்ம் மெஷினில் ஓடினால் 64. ஆனாலும் ஒருமுறை கொடுத்த எண்ணை லினக்ஸ் மாற்றாது, அதை நம்பி நேரடியாகக் கூப்பிடலாம். விண்டோஸில் அந்த எண்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறக்கூடியவை, டிஎல்எல் வழியாகத்தான் போக வேண்டும். ஆப்பிளும் அப்படி உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. கூகுளின் கோ என்ற நிரல்மொழி மேக்கில் நேரடியாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 2016-இல் மேக்கின் சியெரா வெர்ஷன் வந்தபோது நேரம் கேட்கும் சிஸ்டம் கால் உள்ளுக்குள் மாறிவிட, கோ மொழியில் எழுதிய ப்ரோகிராம்கள் விழுந்தன. 2018-இல் வந்த கோ 1.11 வெர்ஷனில்தான் ஆப்பிளின் சிஸ்டம் லைப்ரரி வழியாகப் போகும்படி மாற்றினார்கள். கூகுளில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கே இந்தக் கதி.

அப்புறம் நெட்வொர்க். ஆயிரம் இணைப்புகளில் எதில் தகவல் வந்திருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் ஈபோல், மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் கேக்யூ, விண்டோஸில் கம்ப்ளீஷன் போர்ட். முதல் இரண்டும் "சரக்கு வந்திருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் போன் செய்கிற மாதிரி. மூன்றாவது "வாசலிலேயே இறக்கிட்டேன்" என்று சொல்கிற மாதிரி. இந்த இரண்டையும் ஒரே முகத்தோடு மேலே காட்டுவதற்குள் தலை காய்ந்துவிடும். நினைவகப் பக்கத்தின் அளவு 4096 பைட் என்று கோடில் நேராக எழுதி வைத்திருந்தவர்களை ஆப்பிளின் எம்1 சிப் 16384 என்று சொல்லித் திகைக்க வைத்ததெல்லாம் தனிக் கதை.

இதெல்லாம் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் கவனிக்கக்கூடியவை. நம்மைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாத ஒன்று இருக்கிறது: தமிழ் ஃபைல் பெயர்.

'கொள்முதல்' என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். முதல் எழுத்தான 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடு, அல்லது ககரம், கொம்பு, கால் என மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் நாம் கொடுத்த பெயரைப் பிரித்து மூன்றாக்கித்தான் சேமிக்கும். லினக்ஸோ, நாம் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே பழைய மேக்கில் உருவான ஃபைலை லினக்ஸுக்குக் கொண்டுவந்து பெயரால் தேடினால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலை 'இல்லை' என்கிறது ரன்டைம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயர்களுக்கும் இதே வம்பு.

விண்டோஸில் வேறு மாதிரி. அங்கே ஃபைல் திறக்கும் ஃபங்ஷன் ஏ, டபிள்யூ என இரண்டு வகையாக இருக்கிறது. ஏ வகை அந்தந்த மொழியின் பழைய கோட் பேஜ் (எழுத்துக்கு எண் தரும் அட்டவணை) வழியாகப் போகும். பிரெஞ்சுக்கு 1252, ரஷ்யனுக்கு 1251 என்று உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எனவே யாராவது அவசரத்தில் ஏ வகையைப் போட்டுவிட்டால், பாரிஸில் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், பாலக்கோட்டில் வரிசையாகக் கேள்விக்குறி வந்து நிற்கும். எங்கள் ரன்டைமில் இப்படி ஓர் இடம் பல வருடம் இருந்தது. தக்காளி மண்டிக் கணக்கு எழுதும் ஒரு பையன் சொல்லித்தான் தெரியவந்தது. அவனுக்கு அது பக் என்றுகூடத் தெரியாது, "தமிழ்ல பேர் வச்சா வராது போல" என்று விட்டிருந்தான்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டாக, இருக்கிற ரன்டைம் ஒன்றின் இயங்குதளப் பகுதியைப் பராமரிக்கும் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பைதான், ரஸ்ட் எதுவானாலும் சரி. கூடவே, லேப் மூலையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மெஷின்களில் நாலைந்தை ஏலத்துக்கு அனுப்பாமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். 2011-இல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப காலப் பெட்டிகள், விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை, நம் ஊர் வீடுகளில் பரண் மேல் இன்னும் கிடக்கின்றன. ஒன்றிரண்டு சார்ஜர் கிடைத்தால் அவையும் ஆகும்.

மெஷின் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு தளத்துக்கான ஆதரவு நிலைப்பது ஆளையும் மெஷினையும் பொறுத்துத்தான். பைதானில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: மூன்றாம் நிலைத் தளத்துக்கு ஒரு கோர் டெவலப்பராவது பொறுப்பேற்றிருக்க வேண்டும், இரண்டாம் நிலைக்கு இரண்டு பேர், நம்பகமாகச் சோதனை ஓட்டும் மெஷினும் வேண்டும். ஆள் இல்லையென்றால் தளம் போய்விடும். விண்டோஸ் 7-ஐ 2020-இல் வந்த பைதான் 3.9 விட்டது, 2023-இல் வந்த கோ 1.21 விட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரி 14-ஓடு கை கழுவியதை மற்றவர்கள் எத்தனை நாள் சுமப்பார்கள்? நாங்களும் ஒருநாள் விடுவோம். ஆனால் விடும்போது, யார் வீட்டு லாரி நிற்கும் என்று தெரிந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு விட வேண்டும். அதற்காகவாவது ஒரு மெஷின் வேண்டும்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. "புதுமை எங்கே?" என்று ரிவ்யூவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்பார். அவரிடம், ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவரும் வருகைப்பதிவு ஆப்பில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்க முடியாது, தெரியும். ஆனால் பராமரிப்பு வேலையில் ஒரு வசதி உண்டு: காசு கொடுத்து வாங்க முடியாது. மாணவர் எழுதிய ஒவ்வொரு வரியும், அதற்கு மூத்தவர்கள் சொன்ன குறையும், திருத்தியதும் தேதியோடு பொதுவில் கிடக்கும். வைவாவில் அதைத் திறந்து வைத்துக் கேட்டாலே செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று தெரிந்துவிடும். அனுப்பிய பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) ஏற்கப்படாமல் போகலாம். அப்போதும் ஏன் ஏற்கவில்லை என்று விளக்கத் தெரிந்தால் மார்க் போடுங்கள்.

ஒரே ஒரு பயம் எனக்கும் இருக்கிறது. 2020 அக்டோபரில், நாலு பேட்ச் அனுப்பினால் டி-ஷர்ட் என்று நடந்த ஒரு நிகழ்வில், உதவாத திருத்தங்கள் வந்து குவிந்து பராமரிப்பாளர்கள் நொந்துபோனார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் பெயரும் அதில் அடிபட்டது. அறுபது பேர் கொண்ட வகுப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் அவிழ்த்துவிட்டால் அதுதான் நடக்கும். முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு ஒரு குழு, மூன்று பேர் போதும். ஆறு மாதத்தில் முதல் இரண்டு மாதம் எதையும் அனுப்பாமல், பிறர் சொன்ன பக்கை நம் மெஷினில் வரவழைத்துக் காட்டினால் போதும். அதுவே பாதி வேலை.

தொடங்குவதற்குக் கையில் ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். 32 பிட்டில் நேரத்தை எண்ணும் ப்ரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8:44:07-ஓடு எண் தீர்ந்துவிடும். 32 பிட் மெஷின்களுக்கு 64 பிட் நேரம் தரும் சிஸ்டம் கால்களை 2019-இல் வந்த லினக்ஸ் 5.1 சேர்த்துவிட்டது. ரன்டைம் முதலில் புதிய சிஸ்டம் காலைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப வேண்டும். எடை மேடையில் நான் செய்யாமல் விட்டது எதுவோ, அதுவேதான். எங்கள் ரன்டைமில் இது இன்னும் பாக்கி. பழைய 32 பிட் மெஷின் ஒன்றில் புது லினக்ஸைப் போட்டு, நெட்டைப் பிடுங்கிவிட்டு, தேதியை 2038-க்குத் தள்ளிவைத்து மாணவர்களே சோதிக்கலாம். அந்த நாள் வரும்போது அவர்களுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

செட்டிக்கரையோ பர்கூரோ, சனிக்கிழமைகளில் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது. மெஷின்களை ஒதுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிவிட வேண்டாம் என்று லேப் அசிஸ்டென்டிடம் சொல்லி வையுங்கள். விண்டோஸ் 7 சிடி இப்போது எங்கும் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
காரிமங்கலத்திலிருந்து ஒரு ரன்டைம் பராமரிப்பாளர்